மருத்துவ கஞ்சா கார்டும் அமெரிக்க வேலையும்: டிரக் டெஸ்டுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

டாக்டர் சான்று கொடுத்தாயிற்று, மாநில அரசின் கார்டும் வந்தாயிற்று, இனி ஆபீஸில் யார் என்ன கேட்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கார்டு உங்களை மாநிலப் போலீஸிடமிருந்துதான் காப்பாற்றும். வேலையைக் காப்பாற்றுமா என்பது வேறு கணக்கு: எந்த மாநிலத்தில் வேலை செய்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், கையில் இருப்பது அமெரிக்கக் குடியுரிமையா, கிரீன் கார்டா, விசாவா. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஹெச்ஆரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

கீமோவுக்குப் பிறகு பாதத்தில் தங்கிவிட்ட நரம்பு வலிக்காக நியூ ஜெர்சியில் கார்டு வாங்கியவன் நான், அமெரிக்கக் குடிமகன். வேலை மாறியபோது டிரக் டெஸ்டில், அதாவது போதைப்பொருள் பரிசோதனையில், பாசிட்டிவ் வந்து, ஹெச்ஆர், லேப், டாக்டர் ஆபீஸ் என்று மூன்று பக்கமும் அலைந்துதான் வேலையில் சேர முடிந்தது. எந்தக் காகிதம் எப்போது வேண்டும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் வக்கீல் இல்லை. உங்கள் விஷயத்தில் சிக்கல் இருந்தால் வக்கீலைப் பாருங்கள், ஆனால் அவரிடம் போகும்போது என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்பதாவது இதைப் படித்தால் தெரியும்.

1. கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே விசா நிலையைப் பாருங்கள்

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவோ, ஏன், கிரீன் கார்டே வைத்திருந்தாலும் இதை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். குடியேற்றம் முழுக்க ஃபெடரல் சட்டம், மாநிலம் கொடுத்த அனுமதியை அது கண்டுகொள்ளாது. கஞ்சாவை ஃபெடரல் அரசு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. வழக்கு, தண்டனை எதுவும் இல்லாமலேயே, "ஆமாம், பயன்படுத்துகிறேன்" என்று ஓர் அதிகாரியிடம் நீங்களே ஒப்புக்கொள்வதை வைத்து நாட்டுக்குள் நுழையத் தகுதியில்லாதவர் என்று முடிவு செய்துவிடலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களின் விஷயத்திலும், மாநிலத்தில் சட்டப்படி பயன்படுத்தியிருந்தாலும் அது நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. கஞ்சா விற்கும் கடையிலோ தோட்டத்திலோ வேலை பார்ப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

இது எங்கெல்லாம் வந்து இடிக்கும்? விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் போதைப்பொருள் சட்டத்தை மீறியது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் கேட்பார். குடியுரிமைப் படிவத்திலும் உண்டு. விமான நிலையத்தில் எல்லை அதிகாரி உங்கள் போனைத் திறந்து பார்க்க அதிகாரம் உள்ளவர்; கார்டைப் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள், டிஸ்பென்சரி (கஞ்சா விற்கும் கடை) ரசீது ஈமெயிலில் கிடக்கும், வாட்ஸப்பில் நண்பரிடம் எந்த எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டிருப்பீர்கள். எல்லாமே சாட்சிதான். அதற்காகப் படிவத்தில் பொய் எழுதப் போகாதீர்கள். குடியேற்ற விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தால் அது கஞ்சாவைவிடப் பெரிய பிரச்சினை.

ஆகவே விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் கார்டு வாங்கும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். டாக்டரிடமும் ஒன்று கேளுங்கள்: டிரோனாபினால் என்ற மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியைச் செயற்கையாகத் தயாரித்தது அது, 1985-லேயே ஃபெடரல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்றது, சாதாரண மருந்துச் சீட்டில் பார்மசியில் வாங்கலாம். எல்லா நோய்க்கும் ஒத்துவராது, ஆனால் ஒத்துவந்தால் அது ஃபெடரல் சட்டப்படியும் மருந்துதான்.

ஃபெடரல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கஞ்சாவைக் கீழே இறக்கப் போகிறார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார வேண்டாம். 2024 மே மாதம் வந்த முன்மொழிவு அதை அந்தப் பட்டியலின் மூன்றாம் ஷெட்யூலுக்கு (பிரிவுக்கு) மாற்றுவதைப் பற்றியது. மூன்றாம் ஷெட்யூலில் இருப்பவையும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள்தான்.

2. உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள்

மாநிலச் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில வேலைகளை அது தொடவே தொடாது. லாரி, பஸ், ரயில், விமானம், குழாய்வழி எரிவாயு போன்ற துறைகளில் போக்குவரத்துத் துறை விதிகளின்படி டெஸ்ட் எடுக்கும் வேலையென்றால் கதை அங்கேயே முடிந்தது: மருத்துவ கஞ்சா கார்டை விளக்கமாக ஏற்கக் கூடாது என்பதே அவர்கள் விதி. ஃபெடரல் அரசு ஊழியர்களுக்கு 1986 முதலே தடை இருக்கிறது. பாதுகாப்பு கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) தேவைப்படும் வேலையும் அப்படியே.

ஃபெடரல் ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனி என்பது கொஞ்சம் வேறு. 1988-ஆம் ஆண்டின் போதைப்பொருளற்ற பணியிடச் சட்டத்தைக் காட்டி "எங்களுக்கு வேறு வழியில்லை" என்பார்கள். அந்தச் சட்டம் டிரக் டெஸ்ட் எடுக்கச் சொல்லவே இல்லை. கொள்கை எழுதி வை, வேலையிடத்தில் போதைப்பொருள் கூடாது என்று ஊழியர்களுக்குத் தெரிவி என்றுதான் சொல்கிறது. கனெக்டிகட்டில் 2018-ல் ஒரு பெண்ணின் வழக்கில் இதே வாதத்தை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஹெச்ஆர் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் பின்வாங்க வேண்டாம். ஃபெடரல் அரசோடு கம்பெனி போட்ட ஒப்பந்தத்திலேயே டெஸ்ட் நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

நம்மவர்களில் பலர் வெண்டர் வழியாகக் கிளையன்ட் இடத்தில் வேலை செய்பவர்கள். சம்பளம் கொடுக்கும் கம்பெனி டெஸ்டே கேட்காது, கிளையன்ட் கேட்கும். புது புராஜெக்ட் வரும்போதெல்லாம் இது திரும்ப வரலாம், ஆகவே ரிக்ரூட்டரிடம் ஆரம்பத்திலேயே "பேக்ரவுண்ட் செக்கில் என்னென்ன அடக்கம்" என்று பொதுவாகக் கேட்டுவிடுங்கள். எல்லோரும் கேட்கும் கேள்விதான், சந்தேகம் வராது.

3. மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது

இங்கேதான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாட்ஸப் குழுவில் ஒருவர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதினால் முதலில் அவர் எந்த மாநிலம் என்று கேளுங்கள். கம்பெனியின் தலைமையகம் இருக்கும் மாநிலத்தைவிட நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மாநிலத்தின் சட்டமே பெரும்பாலும் கணக்கில் வரும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஓரளவு நல்ல பாதுகாப்பு உள்ள இடங்கள்: நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, கனெக்டிகட், இல்லினாய், அரிசோனா, மின்னசோட்டா. நியூயார்க்கில் 2021 சட்டத்துக்குப் பிறகு கஞ்சாவுக்கு டெஸ்ட் எடுப்பதே பெரும்பாலான வேலைகளுக்கு அனுமதி இல்லை. பென்சில்வேனியாவில் கார்டு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுக்க முடியாது. அரிசோனாவில் டெஸ்ட் பாசிட்டிவ் ஆனது மட்டும் காரணமாகாது, வேலை நேரத்தில் போதையில் இருந்தீர்கள் என்று அவர்கள் காட்ட வேண்டும். நெவாடாவில் கார்டு உள்ளவர்களின் மருத்துவத் தேவைக்கு நியாயமான ஏற்பாடு செய்ய கம்பெனி முயல வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ரொம்ப நாள் நிலைமை மோசம். கார்டு இருந்தாலும் வேலையை விட்டு அனுப்பலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருந்தது. 2024 ஜனவரி 1 முதல் மாறிவிட்டது. வேலை நேரத்துக்கு வெளியே பயன்படுத்தியதற்காகவோ, உடம்பில் மிச்சமிருக்கும் போதை தராத கழிவுப்பொருளைக் காட்டும் டெஸ்டை வைத்தோ தண்டிக்கக் கூடாது. கட்டுமான வேலைக்கும் ஃபெடரல் கிளியரன்ஸ் வேலைக்கும் இது பொருந்தாது. வாஷிங்டன் மாநிலத்தில் அதே நாளில் வந்த சட்டம் வேலைக்கு எடுக்கும் கட்டத்துக்கு மட்டும்தான், சேர்ந்த பிறகு இல்லை.

டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, ஒஹாயோ நண்பர்களே, உங்களுக்கு வேலைப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் கஞ்சா கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கைகால் செயலிழந்து வீல்சேரில் இருந்த ஊழியர் ஒருவர் வேலை நேரத்துக்கு வெளியே மருந்தாக எடுத்ததற்காக நீக்கப்பட்டபோது, அது சரிதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. கடையில் கிடைப்பதும் வேலையில் பாதுகாப்பும் வேறு வேறு.

4. காகிதங்கள், செலவு

மருத்துவ கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு என்று ஒன்று கிடையாது. டாக்டர் கொடுப்பது, இந்த நோயாளிக்கு இந்த நோய் இருக்கிறது என்ற சான்று மட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் லேப் ஆள் "மருந்துச் சீட்டு எண் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது பலர் திணறுகிறார்கள். டெக்சாஸில் கார்டும் கிடையாது, டாக்டர் மாநிலப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றுவார், அவ்வளவுதான்.

ஒரு ஃபோல்டரில் இவற்றைத் தயாராக வையுங்கள்: கார்டின் இரண்டு பக்க நகல், டாக்டர் சான்று, உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்து நோயைப் பற்றிய கடிதம், ஆஃபர் லெட்டர், கம்பெனியின் டிரக் டெஸ்ட் கொள்கை. மூன்றாவதுதான் பலரிடம் இல்லாதது. கஞ்சாவுக்குச் சான்று கொடுக்கும் டாக்டர் பத்து நிமிடம் வீடியோவில் பார்த்தவராக இருப்பார்; உங்கள் நோயை வருடக்கணக்காகப் பார்க்கும் புற்றுநோய் டாக்டரோ நரம்பு டாக்டரோ எழுதினால் அதன் எடையே வேறு. சில மருத்துவமனைகளில் கஞ்சா என்ற வார்த்தையை எழுத மாட்டார்கள். பரவாயில்லை, நோய் என்ன, நடப்பதிலும் தூங்குவதிலும் என்ன கஷ்டம், வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதினால் போதும்.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவில் கார்டுக்கு 50 டாலர், ஃபுளோரிடாவில் 75, அரிசோனாவில் 150. நியூ ஜெர்சியில் டிஜிட்டல் கார்டு இலவசம். டாக்டர் கட்டணம் தனி, அதைத்தான் விசாரித்து ஒப்பிட வேண்டும். மருந்துச் செலவை இன்சூரன்ஸ் தராது, ஹெச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ என்ற வரியில்லா மருத்துவச் சேமிப்புக் கணக்குப் பணத்தையும் அதற்குப் பயன்படுத்த முடியாது. ஒரு பொறி: கார்டின் காலாவதி வேறு, டாக்டர் சான்றின் காலாவதி வேறு. ஃபுளோரிடாவில் டாக்டர் 210 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். டெஸ்ட் நாளில் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும்.

5. எப்போது சொல்வது

இன்டர்வியூவில் சொல்ல வேண்டாம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஏடிஏ என்ற ஃபெடரல் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஆஃபர் கொடுக்கும் முன் உங்கள் உடல் குறைபாட்டைப் பற்றியோ சாப்பிடும் மருந்தைப் பற்றியோ அவர்கள் கேட்கவே கூடாது. நீங்களாகச் சொல்லி வைத்தால், வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

நான் பரிந்துரைக்கும் நேரம், ஆஃபர் எழுத்தில் வந்த பிறகு, டெஸ்டுக்குப் போகும் முன். அதுவும் பாதுகாப்புள்ள மாநிலமாக, பாதுகாப்புள்ள வேலையாக இருந்தால் மட்டும். டெக்சாஸில் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள்.

சொல்வதை ஈமெயிலில் சொல்லுங்கள். மாசசூசெட்ஸில் கிறிஸ்டினா பார்புட்டோ என்ற பெண்ணின் வழக்கைப் பாருங்கள்: குரோன் நோய்க்காகப் பயன்படுத்துவதை முன்கூட்டியே சொன்னார், பெரிய பிரச்சினையாக இருக்காது என்று மேலாளரும் சொன்னார், முதல் நாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்தார், அன்று மாலையே ஹெச்ஆர் போன் செய்து வேலை போய்விட்டது என்றார்கள், நாங்கள் ஃபெடரல் சட்டத்தைத்தான் பின்பற்றுவோம் என்று. 2017-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர் மாற்றுத்திறனாளி பாகுபாடு என்று வழக்கு நடத்தலாம் என்று சொன்னது. சரி, ஜெயித்தார் என்றே வைத்துக்கொண்டாலும் நடுவில் போன காலம்? மேலாளர் வாயால் சொல்லும் "பரவாயில்லை" ஹெச்ஆரைக் கட்டுப்படுத்தாது.

ஈமெயிலில் நோயில் ஆரம்பியுங்கள், கஞ்சா பின்னால் வரட்டும். எனக்கு இந்த நோய் இருக்கிறது, மாநிலச் சட்டப்படி பதிவு செய்த நோயாளி, வேலை நேரத்திலோ வேலையிடத்திலோ எடுப்பதில்லை, டெஸ்டில் தெரியலாம், நியாயமான ஏற்பாட்டைப் பற்றிப் பேசத் தயார். இவ்வளவுதான், நாலு வரி. ஃபெடரல் ஏடிஏ கஞ்சாவைப் பாதுகாக்காது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் நோயைப் பாதுகாக்கும், அதனால்தான் இந்த வரிசை.

6. டெஸ்டும் அந்தப் போனும்

சிறுநீர் டெஸ்ட் நீங்கள் இப்போது போதையில் இருக்கிறீர்களா என்று காட்டாது. டிஹெச்சி கொழுப்பில் தங்கி மெதுவாகக் கரைவது, தினமும் எடுப்பவர்களுக்கு நிறுத்தி வாரக்கணக்கில் ஆனாலும் தெரியும். முதல் கட்டத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதி செய்யும் கட்டத்தில் 15 என்பது ஃபெடரல் அளவுகோல். இரண்டு நாள் நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் குடித்துப் போவது என்ற யோசனை எல்லாம் வேண்டாம். நீர்த்துப்போன சாம்பிள் என்று எழுதித் திரும்ப வரச் சொல்வார்கள், சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

கஞ்சாச் செடியில் இருக்கும் போதை தராத பொருளான சிபிடி மட்டும்தான் எடுக்கிறேன் என்பவர்களுக்கு: கடையில் விற்கும் சிபிடி எண்ணெயின் லேபிளில் எழுதியதைவிட அதிக டிஹெச்சி இருக்கலாம். பாசிட்டிவ் வந்த பிறகு பாட்டிலைக் காட்டிப் பயனில்லை.

பாசிட்டிவ் என்றால் ஹெச்ஆருக்குப் போகும் முன் எம்ஆர்ஓ என்ற, டெஸ்ட் முடிவைச் சரிபார்க்கும் டாக்டரிடமிருந்து உங்களுக்குப் போன் வரும். தெரியாத எண்ணாகத்தான் வரும், ஸ்பேம் என்று வெட்டிவிடுவீர்கள், பேசாமல் விட்டால் அப்படியே பாசிட்டிவ் என்று பதிவாகும். டெஸ்ட் கொடுத்த வாரம் எல்லாப் போனையும் எடுங்கள். எனக்கு வந்த போனில் அந்தப் பக்கம் பேசியவர் பெயர், பிறந்த தேதி, "ஏதாவது மருந்து?" என்று மூன்றே கேள்வி கேட்டார். கார்டு எண்ணைச் சொன்னேன். "அதைக் குறித்துக்கொள்கிறேன், ஆனால் முடிவை மாற்ற முடியாது" என்றார். அவர்மேல் தப்பில்லை. பல இடங்களில் அவர் வேலை பாசிட்டிவா இல்லையா என்று சொல்வதோடு சரி, கார்டை மதிப்பது கம்பெனியின் முடிவு. அவர் பெயர், நேரம், சொன்னது எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள்.

7. நோட்டீஸ் வந்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது

நியூ ஜெர்சியின் 2019 சட்டப்படி, பதிவு செய்த நோயாளிக்குப் பாசிட்டிவ் வந்தால் கம்பெனி எழுத்தில் தெரிவித்து, மருத்துவ விளக்கம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு உங்களுக்கு 3 வேலை நாள். அதற்குள் விளக்கம் கொடுக்கலாம், அல்லது அதே சாம்பிளை உங்கள் செலவில் திரும்ப டெஸ்ட் செய்யச் சொல்லலாம். மின்னசோட்டாவிலும் விளக்கத்துக்கு 3 வேலை நாள்தான். எனக்கு நோட்டீஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈமெயிலில் வந்தது, அதுவும் "உங்கள் பேக்ரவுண்ட் செக் நிலவரம்" என்ற சாதுவான தலைப்போடு. இணைப்பாக இருந்த பிடிஎஃப்பில் இரண்டாம் பக்கத்தில்தான் விளக்கம் கொடுக்கலாம் என்ற வரி இருந்தது.

டாக்டர் ஆபீஸில் கடிதம் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்பார்கள். 3 நாளில் அது நடக்காது. அதனால்தான் நாலாம் படியில் ஃபோல்டரை முன்கூட்டியே தயார் செய்யச் சொன்னது. விளக்கத்தோடு கார்டு, சான்று, கடிதம் மூன்றையும் அனுப்பி, கிடைத்தது என்று பதில் போடச் சொல்லுங்கள். மருத்துவக் கோப்பு முழுவதையும் அனுப்பாதீர்கள், கேட்டாலும்.

ஆஃபரை ரத்து செய்வதாகப் போனில் சொன்னால், காரணத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் என் விஷயம் ஹெச்ஆரிடமிருந்து அவர்கள் வக்கீலுக்குப் போனது, அதற்குப் பிறகு ஒரு தடையும் இல்லை.

8. சேர்ந்த பிறகு

எந்த மாநிலமும் வேலை நேரத்தில் எடுக்கவோ, போதையோடு வரவோ அனுமதிக்கவில்லை. ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் வைத்திருப்பதும் வேண்டாம். நோய்க்காக லீவு தேவைப்பட்டால் அதை எஃப்எம்எல்ஏ என்ற ஃபெடரல் குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம் வழியாகக் கேளுங்கள், 12 மாதம், 1,250 மணி நேரம் வேலை செய்திருந்து, 50 பேராவது உள்ள கம்பெனியாக இருந்தால் வருடத்துக்கு 12 வாரம் சம்பளமில்லா லீவு உண்டு. கஞ்சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சக ஊழியர்களிடம் சொல்ல வேண்டாம், லஞ்ச் நேரப் பேச்சுத்தான் பிறகு உங்களை டெஸ்டுக்கு அனுப்பும் படிவத்தில் "நியாயமான சந்தேகம்" என்று ஏறும்.

9. வேலை போனால்

அன்றே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசிச் சம்பளத்தோடு கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து, வழக்குப் போட மாட்டேன் என்று ஓர் ஒப்பந்தம் நீட்டுவார்கள். உங்களுக்கு 40 வயதோ அதற்கு மேலோ என்றால், வயது பாகுபாட்டு உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தைப் படிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

புகாருக்குக் கெடு உண்டு. வேலைப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஃபெடரல் அமைப்பான ஈஈஓசிக்கு 180 நாள், மாநிலத்திலும் அதே போன்ற அமைப்பு இருந்தால் 300 நாள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநில அமைப்புகளுக்கு 180 நாள், மாசசூசெட்ஸில் 300, கலிஃபோர்னியாவில் 3 வருடம். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஊழியர் தரப்பு வக்கீல்கள் பலர் ஜெயித்தால் பங்கு என்ற முறையில் எடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம், ஆனால் கோர்ட் செலவு யார் தலையில் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஹெச்-1பியில் இருப்பவர்களுக்கு இதைவிட அவசரமான கெடு வேறு: வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், ஐ-94 (நாட்டில் தங்கும் காலத்தைக் காட்டும் பதிவு) அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது விசா நிலையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். புகாரில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் கஞ்சா பயன்படுத்தியதற்கான எழுத்து ஒப்புதல் என்பதால், அனுப்பும் முன் வேலைச் சட்ட வக்கீலும் குடியேற்ற வக்கீலும் இரண்டு பேரும் அதைப் படித்திருக்க வேண்டும்.